இறுவட்டும் ஆறு ஸ்பீக்கரும்: அலுவிகாரை, அன்றும் இன்றும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைப் பக்கமாக ஏ9 வீதியில் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்குவது கற்குகை விகாரைக்காக, இல்லாவிட்டால் வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களுக்காக. வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்கேதான். பஞ்சமும் போரும் வந்து, மனப்பாடமாக வைத்திருந்த துறவிகள் குறைந்துபோன பயத்தில் நடந்த வேலை அது என்பார்கள்.

அந்தப் பெரிய கதை விகாரைக்கு உரியது. நான் சொல்ல வந்தது அதே வீதியோரத்தில், மாத்தளை டவுன் வரைக்கும், சின்னச் சின்ன ஸ்டூடியோக்களில் நடந்த வேலையைப் பற்றி. கலியாணம், பூப்புனித நீராட்டு, கோயில் தேர், பாடசாலை ஆண்டு விழா என்று எல்லாவற்றையும் எடுத்து, வெட்டி ஒட்டி, வட்டில் எரித்துக் கொடுத்த வேலை. அந்த வட்டுகள் இப்போது அலுமாரிகளில் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கப் பெட்டிதான் இல்லை.

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் மலையகத்து வீடுகளில் டிவியும், அதன் பின்னால் வீடியோ டெக்கும் மெல்ல மெல்ல வந்தன. கசெட் காலத்தில் ஒலியைப் பற்றி யாரும் முறைப்பாடு சொன்னதில்லை. சாதாரண டெக்கில் நாடாவின் ஓரத்தில் ஓடும் மெல்லிய தடம் ஒன்றுதான் ஒலி. இரண்டு டெக்கை வயரால் இணைத்துக் கொப்பி எடுத்தால் அதுவும் தேயும். கொப்பியின் கொப்பியில் நாதஸ்வரமும் சீழ்க்கையும் ஒன்றுபோல் கேட்கும். ஆனாலும் வீட்டாட்கள் சந்தோஷமாகவே பார்த்தார்கள், மாப்பிள்ளையின் முகம் தெரிந்தால் போதும் என்று. அடுத்து வந்த வீசிடியிலும் பெரிய மாற்றமில்லை. 352க்கு 288 புள்ளிப் படம், ஒரு வட்டில் ஒரு மணித்தியாலமும் சொச்சமும், ஒரு கலியாணத்துக்கு மூன்று வட்டு.

தொல்லை தொடங்கியது டீவீடியோடு. 2002இல் ஏ9 திறந்து வடக்குக்கு வாகனங்கள் ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டி, மாத்தளைக் கடைகளில் மலிவான டீவீடி பிளேயர்களும், ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் சேர்ந்த 'ஹோம் தியேட்டர்' பெட்டிகளும் குவிந்தன. லண்டன் ஐங்கரன் வெளியிட்ட படங்களின் வட்டுகளைப் போட்டு, ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் போவதைக் கேட்டவர்கள் அடுத்த கலியாணத்துக்கு ஸ்டூடியோவுக்கு வந்து ஒரே குரலில் கேட்டார்கள்: "தம்பி, நம்ம வட்டையும் 5.1ல போட்டுத் தாங்க."

கமெராவில் இருந்ததோ ஒரு மைக். ஸ்டீரியோ மைக்காக இருந்தாலும் இரண்டு தடம்தான். 2005ஐ ஒட்டி சோனி சில கைக்கமெராக்களில் ஐந்து திசையையும் பதியும் மைக்கைப் பொருத்தியது என்றாலும், கலியாண வீட்டுக்குத் தோளில் தூக்கிப் போன கமெராக்கள் அந்த ரகமில்லை. ஆகவே இரண்டை ஆறாக்க வேண்டும். இடது வலதைக் கூட்டி நடுவுக்கு ஒன்று. அதையே கொஞ்சம் தாமதப்படுத்திப் பின்னால் இரண்டு. தாழ்ந்த ஒலியை மட்டும் வடித்து வூஃபருக்கு ஒன்று. ஸ்டூடியோவில் போட்டுக் காட்டினால் வாடிக்கையாளர் மயங்கிப் போவார். அதே வட்டை வீட்டில் டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் போடும்போதுதான் வினை. பிளேயர் ஆறு தடத்தையும் இரண்டாகச் சுருக்கும். சுருக்கும்போது வூஃபர் தடத்தை அனேகமாக அப்படியே விட்டுவிடும். தவிலின் கனத்தை வூஃபருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் டிவியில் தவிலுக்குத் தொப்பியே இல்லை, வலந்தலை மட்டும் டக் டக்கென்று அடிக்கும். தாமதப்படுத்திய பின் தடங்கள் மூல ஒலியோடு திரும்பக் கலந்து, ஐயர் குடத்துக்குள் தலையை விட்டு மந்திரம் சொல்வதுபோல் கேட்கும்.

இதைவிட வேடிக்கை தடங்கள் இடம் மாறுவது. ஆறு தடத்தையும் அடுக்குவதற்கு உலகத்தில் ஒரே ஒழுங்கு கிடையாது. சாதாரண அலைக் கோப்பில் முன் இடது, முன் வலது, நடு, வூஃபர், பின் இடது, பின் வலது என்று வரும். டொல்பி டிஜிட்டல், அதாவது ஏசி3, உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒழுங்கு இடது, நடு, வலது, பின் இரண்டு, கடைசியில் வூஃபர். ஒரு மென்பொருளில் கலந்ததை இன்னொன்றில் குறிமாற்றும்போது ஆறு பெட்டியிலும் ஆறு கோப்பைக் கையால் இழுத்துப் போட வேண்டும். விடியற்காலை இரண்டு மணிக்குக் கண் சொருகிக்கொண்டு போடுகிறவன் நடுவைப் பின்னாலும் பின்னாலதை நடுவிலும் போட்டுவிடுவான். படம் சுத்தமாக இருக்கும். வட்டும் ஓடும். மூன்றாம் நாள் வாடிக்கையாளர் வந்து நிற்பார்: "தம்பி, தாலி கட்டுற நேரம் ஐயர் எனக்குப் பின்னால நின்னு மந்திரம் சொல்றாரு. திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலிக்குது."

அனுபவசாலிகள் இதற்கு ஒரு சோதனை வட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடத்திலும் அதன் பெயரைச் சொல்லும் ஒரு குரல் மட்டும்: "முன் இடது", "நடு", "பின் வலது" என்று வரிசையாக. முறைப்பாடு வந்ததும் அந்த வட்டோடு வீட்டுக்குப் போவார்கள். முதலில் கடையில் வாங்கிய ஒரு திரைப்பட வட்டு. அதில் வசனம் நடுவில் வந்தால் வயர் சரி, பிழை நம்முடையது. அதிலும் பிசகினால் பிளேயரின் முதுகில் இருக்கும் ஆறு துளைகளில் யாரோ பச்சை, கறுப்பு, செம்மஞ்சள் வயர்களை மாற்றிச் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். பாதி வீடுகளில் பிழை வட்டில் இருக்காது. வீடு கூட்டும்போது கழற்றி மாட்டிய வயரில்தான் இருக்கும். இன்னும் சிலரிடம் பிளேயரிலிருந்து அம்ப்ளிஃபையருக்கு ஒற்றை டிஜிட்டல் வயர் போயிருக்கும். பிளேயரின் அமைப்பில் 'பீசிஎம்' தெரிவாகியிருந்தால் ஆறு தடமும் வழியிலேயே இரண்டாகச் சுருங்கி, அம்ப்ளிஃபையர் அதைத் தானாக ஐந்தாகப் பரப்பிக் காட்டும். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதே என்று வீட்டுக்காரரும் திருப்தியாக இருப்பார்.

அடுத்தது சத்தம் குறைந்துபோகும் பிரச்சினை. "மத்த வட்டுக்கு 15 வச்சாப் போதும், உங்கட வட்டுக்கு 30 வைக்க வேண்டியிருக்கு" என்று ஒரு நானா வந்து நின்றால், ஏசி3 குறிமாற்றியில் பேச்சொலி அளவு என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது மாற்றப்படாமல் கழித்தல் 27இல் கிடந்தால் பிளேயர் தானாகவே 4 டெசிபெல் குறைத்துவிடும். அதோடு கூட்டாளியாக ஒரு ஒலிச் சுருக்கமும் இருக்கும். அது திரைப்படத்துக்கு என்று வைத்தது. மெல்லியதை உயர்த்தி, பெரியதை அமுக்கும். கெட்டிமேளம் முழங்க வேண்டிய அந்தக் கணத்தில் சத்தம் பின்வாங்குவது அதனால்தான். எண்ணைக் கழித்தல் 31 ஆக்கி, சுருக்கத்தை நிறுத்தி, திரும்ப ஒரு வட்டு எரித்தால் தீர்ந்தது. இந்த இரண்டு பொத்தான்களும் தெரியாமல் மைக்கை மாற்றியவர்களும் உண்டு, ஸ்பீக்கரை மாற்றியவர்களும் உண்டு.

குறிமாற்றி கிடைப்பதே பெரும்பாடு. அடோபி பிரீமியரோடு வந்த 5.1 குறிமாற்றி மூன்று தடவைக்கு மட்டும் சோதனைக்கு வேலை செய்யும். நாலாம் தடவைக்குக் காசு. மூன்று கலியாணம் முடிந்ததும் விண்டோஸைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பதிந்த கதை இலங்கை முழுவதும் நடந்தது. ஏசி3க்கான காப்புரிமைகள் 2017இல் காலாவதியாகின. இப்போது இலவச மென்பொருளிலேயே அதை எழுதலாம். எழுதச் சொல்லித்தான் ஆளில்லை.

படத்தின் பக்கம் வந்தால், ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டியதைக் கணினி முழுப் படமாக எழுதி முடிப்பது, அன்று ஒரு இரவு வேலை. சாதாரண வட்டு 4.7 ஜிகாபைட். இரண்டு மணித்தியாலப் படமென்றால் வினாடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணித்தியாலமென்றால் மூன்றரை. அதில் ஒலியைச் சுருக்காமல் வைத்தால் ஒலியே ஒன்றரை மெகாபிட்டைத் தின்றுவிடும். பூத்தூவும் காட்சி, மத்தாப்பு, ஆட்டம் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இதற்குப் பயந்து படத்துக்கு 9 மெகாபிட் கொடுத்தால் ஒலியோடு சேர்ந்து டீவீடியின் உச்ச வரம்பான 10.08ஐத் தாண்டும். சில பிளேயர்கள் அந்த இடத்தில் விக்கி விக்கி நிற்கும். கணினியில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, அது எதையும் விழுங்கும்.

கணினித் திரை மறைத்த இன்னொன்று, படத்தின் ஒற்றை இரட்டை வரிகளின் ஒழுங்கு. எங்கள் நாட்டு பால் (PAL) டிவி முறையில் ஒரு சட்டகம் இரண்டு பாதியாக, வினாடிக்கு 50 பாதியாக ஓடும். டிஜிட்டல் நாடாக் (DV) கமெராவில் கீழ்ப்பாதி முதலில். கசெட்டிலிருந்து கணினியின் கார்ட் வழியாக ஏற்றியது பல வேளைகளில் மேற்பாதி முதலில். இரண்டையும் ஒரே கோட்டில் போட்டு, ரெண்டர் அமைப்பில் ஒன்றை மட்டும் தெரிவுசெய்தால் மற்றதில் அசைவெல்லாம் முன்னுக்கும் பின்னுக்கும் உதறும். மணப்பெண் நடந்து வருவாள். ஒவ்வொரு அடியும் முன்னே வைத்துப் பின்னே எடுத்ததுபோல் இருக்கும். இதைப் பிடிக்கவே பழைய குழாய் டிவி ஒன்றைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அந்த டிவியில் ஐந்து நிமிடம் பார்க்காமல் வட்டு வெளியே போகாத ஸ்டூடியோவுக்கு நல்ல பெயர் இருந்தது.

விடியும்போது ரெண்டர் 92 வீதத்தில் நிற்கும், கரண்ட் போகும். சடங்கு சடங்காகத் துண்டு துண்டாக ரெண்டர் பண்ணிக் கடைசியில் இணைக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, இந்தப் பழைய பழக்கம் தெரிந்தவர்கள்தான் தப்பினார்கள்.

தலைப்பு எழுத்தைச் சொல்லாமல் விட முடியாது. அன்று எல்லாம் பாமினி எழுத்துரு. ஒரு கணினியில் அடித்த மணமக்கள் பெயரை, பாமினி இல்லாத இன்னொரு கணினியில் ரெண்டர் பண்ணினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வட்டில் விழும். கொழும்புக்கு ரெண்டருக்கு அனுப்பிய வேலைகளில் இது நிறைய நடந்தது. இன்று யுனிகோட். பெயர் ஆங்கிலமாக மாறாது, ஆனால் பிரீமியரில் எழுத்துத் தளத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாவிட்டால் கொம்பு கழன்று பக்கத்தில் நிற்கும்.

கனடாவில் இருக்கும் மாமாவுக்கு ஒரு கொப்பி என்றால் வேறு தலையிடி. அங்கே என்டிஎஸ்சி, 480 வரி, வினாடிக்கு ஏறக்குறைய 30 சட்டகம். எங்கள் வட்டை அங்குள்ள பல பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளாது. லண்டனுக்கு அனுப்பியது பிரச்சினையில்லாமல் ஓடும். டொரொன்டோவிலிருந்து போன் வரும்.

இன்று வட்டு கேட்பவர் இல்லை. பென்டிரைவ் கேட்கிறார்கள், அல்லது யூடியூப் இணைப்பு. இது எங்கள் ஊர் மாற்றம் மட்டுமில்லை. விண்டோஸ் 2012இலேயே டீவீடி ஓட்டும் வசதியைத் தன் பிளேயரிலிருந்து எடுத்துவிட்டது. வட்டு வடிவமைக்கும் அடோபி என்கோர் அதே 2012இன் சீஎஸ்6ஓடு நின்றது. 2023 செப்டெம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் வட்டு அனுப்புவதை நிறுத்தியது. எழுதக்கூடிய ப்ளூரே வட்டுத் தயாரிப்பை 2025 பெப்ரவரியில் சோனி கைவிட்டது.

பிரச்சினைகள் தீர்ந்துவிட்டனவா என்றால், இடம் மாறியிருக்கின்றன. உதட்டசைவும் ஒலியும் விலகும் பழைய நோயையே பாருங்கள். அன்று படத்தை ஏற்றும் கார்டுக்கும் ஒலியை ஏற்றும் கார்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருந்ததால் ஒரு மணித்தியாலத்தில் சில சட்டகம் விலகியது. சீடிப் பாட்டின் 44.1 கிலோஹேர்ட்ஸை 48 என்று பிழையாகக் குறித்து ஓடவிட்டால் பாட்டு வேகமாகி, சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் வரைக்கும் ஏறிவிடும். நாதஸ்வரக்காரர் பார்த்தால் வட்டை உடைத்துவிடுவார். இன்று உறவுக்காரப் பிள்ளைகள் போனில் எடுத்துத் தரும் துண்டுகளில் அதே நோய். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப வினாடிக்கு 30, 28, 24 என்று சட்டகத்தைக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருள் சீராக 25 என்று எண்ணும். பத்தாவது நிமிடத்தில் அத்தை வாயை மூடிய பிறகு பாட்டு வரும். மருந்து எளிது: எடிட்டுக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் சட்டக வேகத்தை மாறாததாக்கிக்கொள்வது. இதைச் செய்கிற பொறுமை குறைவு.

ஒலியிலும் அப்படியே. பின் ஸ்பீக்கர்கள் போய், டிவிக்குக் கீழே நீளமான ஒரு சவுண்ட்பார் வந்துவிட்டது. பாதிப் பேர் கலியாணத்தைப் போன் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். இடது வலதில் ஒரு வயர் தலைகீழாக இருந்தால் அன்று ஸ்டீரியோவில் ஏதோ பரந்து கேட்டது. இன்று போன் இரண்டையும் கூட்டும்போது ஒன்றையொன்று தின்று மந்திரமே காணாமல் போகும். யூடியூப் சத்தத்தைத் தன் அளவுக்குக் குறைத்துக்கொள்வதால் 'பெருசா போடுங்க' என்பதற்கும் அர்த்தமில்லை. அன்று இஷ்டத்துக்குச் சேர்த்த சினிமாப் பாட்டு இன்று உரிமைக் கோரிக்கையில் மாட்டும். சில வேளை ஊர்வலம் முழுவதும் ஊமையாகிவிடும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் அழுத்திச் சொல்லுவேன். அன்று பிழை நடந்து வந்தது. வாடிக்கையாளர் பஸ் ஏறி, வட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒலியைக் கேட்கப் படித்தார்கள். இன்று இணைப்பு அனுப்பியாகிவிட்டது, இதயக்குறி வந்துவிட்டது, வேலை முடிந்தது. கடைசி நிமிடம் வரை யாரும் கேட்பதில்லை. படம் நாலு மடங்கு தெளிவு. தவில் அன்றைவிட மோசம்.

5.1 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத்தில் ஐந்து தேர் வீதிக்கு வரும்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது. முன்னால் மேளம், பக்கத்தில் காவடிச் சத்தம், பின்னால் அரோகராக் கூட்டம். முன்னே ஒரு கமெராவும் பின்னே தனியாக ஒரு ஒலிப்பதிவியும் வைத்து எடுத்தால் அந்த வட்டம் உண்மையானது. மண்டபத்துக்குள் ஒரு மைக்கில் எடுத்த தாலிகட்டை ஆறாகப் பிளந்தது வெறும் அலங்காரம். அன்று நேர்மையாக இரண்டு தடத்தில், 192 கிலோபிட்டில் கொடுத்த வட்டுகள் இன்று சவுண்ட்பாரிலும் போனிலும் சுத்தமாகக் கேட்கின்றன. செயற்கை 5.1 வட்டுகள்தான் தடுமாறுகின்றன.

விகாரையில் இன்றும் ஏடு எழுதிக் காட்டுகிறார்கள். அவித்துக் காயவைத்த தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது. கரி கலந்த எண்ணெய் மையைப் பூசித் துடைத்ததும்தான் எழுத்து கறுப்பாக மேலே வரும். 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த நூலகம் அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, வேறு விகாரைகளில் கொப்பி இருந்தது.

உங்கள் அலுமாரியில் இருக்கும் வட்டுக்கு வேறு கொப்பி இருக்கிறதா? எழுதும் வட்டின் சாயம் எங்கள் ஈரக் காற்றில் மங்கும். ஒட்டிய கடதாசி லேபல் உப்பி வட்டைக் கோணலாக்கும். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், முதலில் படிக்க முடியாமல் போவது பெரும்பாலும் வெளி ஓரம்தான், அதாவது பெண்ணை வழியனுப்பும் காட்சி. ஆகவே வட்டு எழுதும் பெட்டி இன்னும் வேலை செய்யும் ஒரு கணினியை இந்த மாதமே தேடுங்கள். வட்டை முழுமையாக, அப்படியே கோப்பாக இறக்குங்கள். எம்பீ4 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்கு முன் மூலக் கோப்பை மாற்றாமல் வாங்கிக்கொள்ளுங்கள். வரிகளைப் பிழையாகக் கலந்து, ஆறு தடத்தை ஏனோதானோவென்று சுருக்கிவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஒரு கொப்பி உங்கள் வீட்டில், இன்னொன்று தங்கை வீட்டில் இருக்கட்டும்.